மாற்றுவது எளிது, அறிவது அரிது

நம் மன்றத்து இதழில் இலக்கியம் பேசுவோர் பலர். அரசியல் பேசுவோர் அவரினும் பலர். லாரி எஞ்சினைப் பற்றிப் பேச முன்வந்தவர் எவரும் இருப்பதாக நான் அறியேன். எண்ணெய்க் கறை படிந்த பொருளை ஏட்டில் ஏற்றலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிப்போர் சுளிக்கட்டும். படித்தவர்கள் நாம். நம் படிப்புக்கும் நம் கைகளுக்கும் இடையே உள்ள தொலைவு நாளுக்கு நாள் வளர்ந்துவருகிறது. அத்தொலைவை அளந்து காட்ட எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒரு லாரி எஞ்சின்தான்.

கெட்டுப்போன ஒன்றைச் சரிசெய்ய உலகில் இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, கைக்கு எட்டிய பாகத்தை மாற்றிப் பார்ப்பது; சரியாகவில்லையா, அடுத்ததை மாற்றுவது; பை காலியாகும்வரை மாற்றிக்கொண்டே போவது. மற்றொன்று, என்ன நோய், எதனால் வந்த நோய் என்று கேட்டு, சோதித்து, வட்டத்தைச் சுருக்கி, குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த பின்னரே ஸ்பானரைத் தொடுவது. முதல் வழியில் பொருள் வீணாகிறது என்பதை எல்லாரும் அறிவர். அவ்வழியில் நீதியும் வீணாகிறது என்பதே நான் கூற வந்தது.

தாபோடியும் அதன் பட்டறைகளும்

தாபோடி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, லோனாவளா செல்லும் மின்ரயிலில் கட்கிக்கும் காசர்வாடிக்கும் இடையே வரும் ஒரு நிலையம். பவனா நதி முளா நதியோடு கலப்பது அவ்வூரின் பக்கத்தில்தான். பழைய மும்பை – புனே நெடுஞ்சாலை அவ்வூரை ஊடறுத்துச் செல்கிறது. இராணுவப் பொறியியல் கல்லூரியும், மராட்டிய மாநில அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனையும் அங்கேதான் இருக்கின்றன. 1948 ஜூன் 1 அன்று அரசுப் பேருந்து முதன்முதலாகப் புனேயிலிருந்து அகமத்நகருக்கு ஓடியது. அந்நாள் தொட்டு வளர்ந்த போக்குவரத்தின் பெரும்பட்டறைகளுள் ஒன்று தாபோடியில் நிற்கிறது. பெரிய பட்டறை இருக்கும் ஊரில் சிறிய பட்டறைகளும் இருக்கும் அல்லவா? நெடுஞ்சாலையின் ஓரத்தில் தகரக் கூரையின் கீழ் லாரிகளுக்கு உயிர் கொடுக்கும் சிறு பட்டறைகளும் உண்டு. அவற்றில் மராட்டி, இந்தி, தமிழ் மூன்றும் ஒரே கிரீஸில் குழைந்து கிடக்கும். அங்கே தலைமை வேலைக்காரரை மராட்டியில் மிஸ்திரி என்பர். நாம் மேஸ்திரி என்கிறோம். இரண்டும் மெஸ்த்ரே என்ற போர்த்துக்கீசியச் சொல்லின் பிள்ளைகள். ஆசான் என்பது அச்சொல்லின் பொருள். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

அத்தகைய பட்டறை ஒன்றுக்கு எதிரே என் அறை இருந்தது. அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நெருப்பு வைக்காமல் எரிவது

நிகழ்ச்சிக்கு முன் எஞ்சினைப் பற்றிச் சில சொற்கள். இயற்பியல் படிப்போர் பொறுத்தருள்க; பொருளாதாரம் படிப்போரும் நம் வாசகரே.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அஃது இல்லை. சிலிண்டருக்குள் நுழைந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 17-இல் ஒரு பங்காக அமுக்குகிறது. அமுங்கிய காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது. அந்நேரம் பார்த்து இன்ஜெக்டர் டீசலைப் புகைபோல் பீச்சுகிறது. டீசல் தானே பற்றிக்கொள்கிறது. இதற்கு நான்கு வேண்டும்: போதிய அமுக்கம், சரியான அளவு டீசல், சரியான வேளை, நுண்ணிய தெளிப்பு. நான்கில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டர் அந்தச் சுற்றில் ஊமையாகிவிடும். இதைத்தான் பட்டறைத் தமிழில் மிஸ்ஸிங் என்கிறார்கள்.

ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின்களில் பெரும்பாலானவை 1-5-3-6-2-4 என்ற முறையில் எரிகின்றன. வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 5 முறை, ஆறும் சேர்ந்து நொடிக்கு 30 முறை எரிய வேண்டும். இந்த முப்பதில் ஒன்று தவறினாலும் தேர்ந்த மேஸ்திரியின் காது கண்டுபிடித்துவிடுகிறது. தாளம் தப்பினால் நட்டுவனார் திரும்பிப் பார்ப்பதில்லையா, அதுபோல.

குற்றம் சாட்டப்பட்ட மூவர்

நாமக்கல்லைச் சேர்ந்த ஒருவர், தாமே முதலாளியும் தாமே ஓட்டுநருமாய், நவி மும்பையில் சரக்கேற்றிக்கொண்டு கண்டாலா மலையேறி வந்தார். வழியில் தண்ணீர் வற்றிச் சூடேறி, எஞ்சின் இறுகிவிட்டது. தாபோடிப் பட்டறைக்கு வண்டியை இழுத்துவந்தார்கள். பழைய எஞ்சினைப் பிரித்துப் போர் வேலை செய்ய நாளாகும், சரக்கோ காத்திராது. ஆகவே, அதே வகையைச் சேர்ந்த, வேறொரு வண்டியிலிருந்து எடுத்துப் புதுப்பித்த எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார்கள். எஞ்சின் கிளம்பியது, ஆனால் மிஸ்ஸிங்கோடு கிளம்பியது. நின்ற நிலையில் குலுக்கல்; அவ்வப்போது வெண்புகை; மிதித்தால் ஒரு தயக்கம்.

உடனே தொடங்கியது மாற்றுப் படலம். முதலில் ஆறு நாசில்களும் மாற்றப்பட்டன. குலுக்கல் போகவில்லை. பிறகு எரிபொருள் பம்பைக் கழற்றிப் பம்பு பார்க்கும் கடைக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வந்தது, கட்டணச் சீட்டும் உடன் வந்தது. குலுக்கலும் கூடவே வந்தது. மூன்றாவதாக, எஞ்சினை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்ற பேச்சு எழுந்தது. “ஏனுங்க, எஞ்சினே கெட்டதுங்களா? மறுபடியும் எறக்கோணுங்களா?” என்று அந்த நாமக்கல்காரர் கேட்டபோது அவர் குரலில் கோபமில்லை, கடன் தவணையின் களைப்பு மட்டுமே இருந்தது.

எஞ்சினோடு வழக்கு முடியவில்லை. எரிபொருள் குழாய்களை மாட்டியவன் பத்தொன்பது வயது மராட்டிய இளைஞன் ஒருவன். அவன்தான் எதையோ சரியாக முறுக்காமல் விட்டுவிட்டான் என்று பட்டறையில் முடிவுகட்டினார்கள். கூலியில் பிடித்தம் என்ற சொல்லும் காதில் விழுந்தது. அவனுக்குப் பரிந்து பேச அங்கே ஒருவரும் இல்லை. சான்று யாரிடமும் இல்லை. தீர்ப்பு மட்டும் எல்லாரிடமும் இருந்தது.

நோக்குங்கள். நாசில், பம்பு, எஞ்சின் என்னும் இரும்புகள் மீது சாட்டிய குற்றம் எவ்வளவு எளிதாக ஒரு மனிதன் மீது தாவிவிட்டது! சோதனையில்லாத பட்டறையில் கடைசிக் குற்றவாளி எப்போதும் கடைசிக் கூலிக்காரன்தான்.

கேள்விகளின் வரிசை

மூன்றாம் நாள், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து புனேயிலேயே நரைத்துப்போன ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். அவர் வந்ததும் ஸ்பானரைக் கேட்கவில்லை. “எப்பப்பா உதறுது? எழுப்பின உடனேயா, சூடேறின பிறகா?” என்று ஓட்டுநரைக் கேட்டார். காலையில் கிளப்பவே கடினம் என்பதும், காற்று எடுத்துவிட்டால் கால்மணி நேரம் ஒழுங்காக ஓடி மீண்டும் உதறுகிறது என்பதும் அப்போதுதான் வெளிவந்தன. மூன்று நாளாக இக்கேள்வியை எவரும் கேட்கவில்லை!

அடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினார், மீண்டும் இறுக்கினார். தளர்த்தியதும் அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்றுவிடும். நன்றாக வேலை செய்த சிலிண்டராயின் எஞ்சினின் ஒலி இறங்கும். முன்பே ஊமையான சிலிண்டராயின் எந்த மாற்றமும் இராது. மருத்துவர் வயிற்றை அழுத்தி இங்கே வலிக்கிறதா என்று கேட்பது போன்ற சோதனை இது. ஆறிலும் ஒலி இறங்கியது. ஆகவே, எந்த ஒரு சிலிண்டரும் நிலையாகச் செத்திருக்கவில்லை. ஒரு நாசில் கெட்டிருந்தால், ஒரு வால்வு உட்காராதிருந்தால், அந்த ஒரு சிலிண்டர்தான் நோயுறும். இங்கோ நோய் ஊர் சுற்றுகிறது. ஊர் சுற்றும் நோய்க்குக் காரணம் ஆறுக்கும் பொதுவான ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். ஒரே சோதனையில் ஆறு நாசில்களும் விடுதலை பெற்றன.

பொதுவானது எது? டீசல் வரும் வழி. ஒரு தகர டப்பாவில் டீசல் ஊற்றி எஞ்சினுக்கு மேலே தொங்கவிட்டார். வண்டியின் டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, டப்பாவிலிருந்து நேராக ஊட்டுப் பம்புக்கு ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் மாட்டினார். காற்று எடுத்தார், கிளப்பினார். கால்மணி, அரைமணி, ஒருமணி நேரம் ஓடிற்று. குலுக்கல் இல்லை. எஞ்சினும் விடுதலை, பம்பும் விடுதலை.

பிறகு டேங்கின் ஹோஸைப் பழையபடி மாட்டி, இடையில் அந்தப் பிளாஸ்டிக் குழாயைச் செருகினார். உள்ளே முத்து முத்தாய்க் குமிழிகள் ஓடின. புதுப்பித்த எஞ்சினில் ஊட்டுப் பம்பின் வாய் பழையதைவிடச் சற்றுத் தள்ளி அமைந்திருந்தது. அதை எட்டுவதற்காகப் பழைய ரப்பர் ஹோஸ் இழுபட்டு, சேசிஸ் பக்கத்துக் கிளிப்புக்கு அடியில் மயிரிழைபோல் வெடித்திருந்தது. வெளியே ஒரு சொட்டும் கசியவில்லை. ஏன்? அப்பகுதியில் பம்பு டீசலை உறிஞ்சுகிறது. உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே டீசல் வெளியே வராது. காற்றுத்தான் உள்ளே போகும். கசிவைத் தேடிய கண்ணுக்கு அது தெரியாமல் போனது அதனால்தான். இரண்டடி ஹோஸும் இரண்டு கிளிப்பும் வாங்கச் சில நூறு ரூபாய் ஆயிற்று. வண்டி அன்றிரவே தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அந்த இளைஞன் முறுக்கிய நட்டு ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை. பிடித்தம் என்ற பேச்சும் நின்றது.

எல்லாவற்றையும் மாற்றினார்கள், மாற்றாமல் விட்ட ஒன்றே குற்றவாளி. புதிதாக வந்த எஞ்சின் மீது பழி. பழையதும் புதியதும் சேரும் இணைப்பிலோ பழுது! வேற்றூரில் வந்து வாழும் நமக்கு இந்த உண்மையின் சுவை கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

மாற்றுவதே தவறா?

அல்ல என்பேன். இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். அரசுப் போக்குவரத்துப் பணிமனைகளில், கெட்ட எஞ்சினை முழுதாக இறக்கிவிட்டுத் தயாராய் வைத்திருக்கும் புதுப்பித்த எஞ்சினை ஏற்றும் முறை நெடுங்காலமாக உண்டு. காலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் பயணிக்கு ஆராய்ச்சி வேண்டாம், வண்டி வேண்டும். அந்த முறையை நான் குறைகூறவில்லை. இறக்கிய எஞ்சின் அங்கே குப்பைக்குப் போவதில்லை. சோதனை மேடைக்குப் போகிறது. கேள்வி தள்ளி வைக்கப்படுகிறதே அன்றிக் கைவிடப்படுவதில்லை.

மேலும், மாற்றுவதே ஒரு சோதனையாகவும் ஆகலாம். நிலையாய் மூன்றாம் சிலிண்டர் மட்டும் ஊமையாய் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றின் இன்ஜெக்டரை நான்கிலும், நான்கின் இன்ஜெக்டரை மூன்றிலும் மாற்றிப் போடுங்கள். ஊமைத்தனம் நான்குக்குப் போனால் குற்றம் இன்ஜெக்டருடையது. மூன்றிலேயே நின்றால் இன்ஜெக்டர் நிரபராதி; பம்பின் அந்தப் பகுதியையும், டேப்பெட் இடைவெளியையும், அமுக்கத்தையும் அளந்து பார்க்க வேண்டும். இங்கே புதுப் பாகம் ஒன்றும் வாங்கவில்லை. ஒரு கேள்வியை மட்டும் கேட்டோம். கேள்வியோடு மாற்றுவது சோதனை. கேள்வியின்றி மாற்றுவது சூதாட்டம். வேறுபாடு இவ்வளவே, ஆனால் இவ்வேறுபாட்டில்தான் அறிவியல் முழுதும் அடங்கிக் கிடக்கிறது.

வள்ளுவர் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த வரிசையும் இதுவே. நோயும், அதன் காரணமும், தீர்க்கும் வழியும் தெரிந்த பிறகுதான் செயல். அந்த வேலூர் மேஸ்திரி அவ்வதிகாரத்தைப் படித்திருந்தாரோ இல்லையோ, அதன்படி நடந்தார். நாமோ அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம்.

இந்த எஞ்சினைப் படைத்த ருடால்ப் டீசலும் கேள்வியால் வென்றவரே. 1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய முதல் எஞ்சினைச் சோதித்தபோது, அழுத்தம் அளக்கும் கருவியே வெடித்துச் சிதறியது. எஞ்சினைத் தூக்கி எறியவில்லை அவர்; ஏன் என்று கேட்டார். நான்கு ஆண்டுகள் கேட்டார். 1897 பிப்ரவரியில் நடந்த சோதனையில் எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக உழைப்பாக மாற்றிக் காட்டியது அவர் எஞ்சின். அதே 1893-இல் கோவைக்கருகே கலங்கல் என்னும் ஊரில் பிறந்தவர் நம் ஜி. டி. நாயுடு. ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டி, ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று கேட்டுத் தெளிந்தவர் அவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கினார். கல்லூரி அவருக்குக் கிட்டவில்லை. கேள்வி கிட்டியிருந்தது.

கணினி வந்தால் கவலை தீருமா?

இனி எல்லாம் கணினியே சொல்லிவிடும், மேஸ்திரி எதற்கு என்பார் சிலர். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை ஆறு என்ற மாசு விதி நாடெங்கும் நடப்பில் இருக்கிறது. இக்காலத்து லாரிகளின் காமன் ரெயில் எஞ்சின்களில் டீசல் 1,600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரத்து அறுநூறு மடங்கு! அதில் நட்டைத் தளர்த்திப் பார்க்க எண்ணுவது தற்கொலைக்கு ஒப்பு. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழைய எஞ்சினில்கூடக் கண்ணாடி அணிந்து, கையை எட்டி வைத்தே அச்சோதனையைச் செய்ய வேண்டும். புதிய எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பதை ஸ்கேனர் கருவியைக் கொண்டு செய்கிறார்கள். கருவி மாறியது, கேள்வி மாறவில்லை.

புதிய எஞ்சின்களில் எஞ்சின் மாற்றியதால் வரும் தொல்லையும் புதுவகை. பல எஞ்சின்களில், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தொழிற்சாலையிலேயே அளந்து ஒரு திருத்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். அவ்வெண்ணைக் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்ல வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டுக் கணினியில் பழைய எண்களையே விட்டுவைத்தால், புதுமாப்பிள்ளைக்குப் பழைய ஆளின் சாதகத்தை வைத்துப் பலன் சொன்ன கதைதான். குலுக்கல் வரும், இரும்பில் பழுது ஒன்றும் இராது. சேசிஸுக்குப் போகும் எர்த் கம்பியைச் சரியாக இறுக்காவிட்டாலும் கணினி பிதற்றும். திரையில் தோன்றும் பிழை எண் ஒரு சாட்சியின் வாக்குமூலமே அன்றித் தீர்ப்பாகாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஆள் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

நோயறிதல் ஏன் அரிதாகிறது? அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அதனால்தான். பாகத்தைக் காட்டினால் பணம் தருகிறோம். சிந்தனையைக் காட்ட முடியாது, ஆகவே தருவதில்லை. இரண்டடி ஹோஸ் மாற்றிய மேஸ்திரிக்கு இரண்டடி ஹோஸின் விலைக்கேற்ற கூலி; ஆறு நாசில் மாற்றி வீணடித்தவருக்கு ஆறு நாசிலின் விலைக்கேற்ற கூலி. இப்படி இருந்தால் எவர் சிந்திப்பார்? சோதித்து அறிந்ததற்கென்று தனிக் கூலி கொடுக்கும் வழக்கம் பட்டறைகளில் வர வேண்டும். மருத்துவருக்குக் கொடுக்கிறோம் அல்லவா? மேஸ்திரிக்கு ஏன் கூடாது?

நம் கல்லூரிகளிலும் ஒரு மாற்றம் வேண்டும். பொறியியல் மாணவன் எஞ்சினின் படத்தை வரைகிறான், திறனைக் கணக்கிடுகிறான், தேர்வில் தேறுகிறான். ஓடாத எஞ்சின் ஒன்றை அவன் முன் நிறுத்தி, ‘ஏன் ஓடவில்லை, கண்டுபிடி, கண்டுபிடித்த வழியை எழுது’ என்று கேட்கும் தேர்வும் இருக்கட்டும். ஆசிரியர் ஒரு பழுதை மறைத்து வைக்கட்டும். விடைக்குப் பாதி மதிப்பெண், வழிக்குப் பாதி. தற்செயலாகச் சரிசெய்தவன் பாதியோடு நிற்கட்டும்.

மூன்றாவது, நம் மன்றத்தின் பணி. புனேயில் நரைத்த தமிழ் மேஸ்திரிகளின் அறிவு அவர்கள் காதிலும் விரலிலும் இருக்கிறது, ஏட்டில் இல்லை. வெண்புகை எதைக் குறிக்கும், கரும்புகை எதைக் குறிக்கும், நீலப்புகை எதைக் குறிக்கும் என்பதை அவர்கள் அறிவர். எரியாத டீசல் வெள்ளை, காற்றுக்கு மிஞ்சிய டீசல் கறுப்பு, உள்ளே எரியும் எஞ்சின் ஆயில் நீலம் என்று அவர்கள் சொல்வதை நாம் எழுதி வைத்தோமா? மொழிக்காக உரக்கப் பேசும் நாம், மொழியில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்தோமா? விடுமுறை நாளில் இருவர் இருவராகச் சென்று கேட்போம். அவர்கள் சொற்களிலேயே எழுதுவோம். மன்றத்தின் செலவில் ஒரு சிறு நூலாக்குவோம். மேஸ்திரி என்னும் சொல்லுக்கு ஆசான் என்று பொருள் என்றேனே, அப்பொருளை அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்போம்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் தொழிற்சாலைகளை நடத்துவோம்; சிலர் அலுவலகங்களை ஆள்வோம். அங்கும் ஏதேனும் உதறும். எதையேனும் மாற்று, எவரையேனும் நீக்கு என்று நாற்புறமும் குரல் எழும். அப்போது நம் கையில் அதிகாரம் இருக்கும். எதிரே பேசத் தெரியாத ஒரு பத்தொன்பது வயது இளைஞன் நிற்பான். சோதித்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்க நாம் கற்றிருந்தால், இந்தப் பல்கலைக்கழகம் நமக்குக் கொடுத்த பட்டம் வீண்போகாது.